சைலன்ஸ் அண்ணனும் கல்லறைத் தோட்டமும்

சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் சத்தத்தைக் கண்டாலே ஆகாமல், அதையே வைத்துப் பிழைத்த ஒரே மனிதர் திங்கள்சந்தை சைலன்ஸ் அண்ணன்தான். இதை யாராவது மறுத்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினால் நேரில் வந்து சண்டை போட நான் தயார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். தொழில் மைக்செட். கல்யாணம், சபைகளின் கன்வென்ஷன் கூட்டம், தேர்தல், சாவு எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவார். வீட்டுப் பின்னறையில் ஒரு ரெக்கார்டிங் ரூமும் வைத்திருந்தார். பாடகர் குழுக்கள் அங்கே வந்து கீர்த்தனை பதிவு செய்யும். டேப்பை ஓடவிடுவதற்கு முன்னால் அண்ணன் "சைலன்ஸ்!" என்று ஒரு சத்தம் போடுவார். அதைக் கேட்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அழுதுவிடும். பிறகு அழுகை அடங்கும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள்.

ரெக்கார்டிங் ரூம் என்றால் சுவரில் பஞ்சு ஒட்டி, கதவை இரட்டையாகப் போட்டு, வெளிச்சத்தம் உள்ளே வராமல் செய்வது ஊர் உலக வழக்கம். அண்ணன் அறையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைச் சரி செய்தார். பதிவுக்குக் கால்மணி நேரம் முன்னால் இறங்கி வீடு வீடாக நடப்பார்.

"மேரி, மிக்ஸிய நிறுத்து. தேங்காய பெறவு அரைக்கலாம்."

"சாரே, ரேடியோ வேண்டாம், கேட்டியளா."

"லேய், அந்தப் பசுவுக்குக் கொஞ்சம் வைக்கோலப் போடு. வாயில தீனி கெடந்தா அது கத்தாது."

தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, கையால் பட்டன் தைக்க உட்கார்ந்துவிடுவார். கடைசியாக அண்ணன் மொட்டைமாடியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டுவார். அந்தத் துண்டு இறங்கும்வரை தெருவில் ஒருவரும் விறகு பிளக்க மாட்டார்கள், பிள்ளையை அடிக்க மாட்டார்கள், புருஷனைத் திட்டுவதாக இருந்தாலும் சாடை காட்டித்தான் திட்டுவார்கள்.

ஒரு தெரு ஏன் இப்படி அடங்கிப்போக வேண்டும்? காரணம் இருந்தது. பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில். ஃபோன் பேச வழியில்லாத காலத்தில் அவர்களுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பதிவு செய்து கொடுத்தது அண்ணன். மனைவி அழுததையும் பிள்ளை முதல்முதலாக "அப்பா" என்று சொன்னதையும் ஒரு கரகரப்பு இல்லாமல் கடல் கடத்தி அனுப்பியவர் அவர். அப்பேர்ப்பட்டவர் மிக்ஸியை நிறுத்தச் சொன்னால் நிறுத்தத்தானே வேண்டும்?

இந்த மனிதரிடம்தான் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதத்தில் நாங்கள் போய் நின்றோம்.

நாங்கள் நான்கு பேர். பாட்டு சுபின், கிதார் அஜி, டிரம்ஸ் ஜஸ்டின், பேஸ் கிதார் நான். எங்கள் மெட்டல் குழுவின் பெயர் 'கல்லறைத் தோட்டம்'. மெட்டல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிதாரை மர அறுவை மில் ரம்பம்போல இரையவிட்டு, டிரம்ஸைத் தலைதெறிக்க ஓடவிட்டு, அதன்மேல் ஒருவன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். எங்கள் பாட்டெல்லாம் சாவு, புழு, அழுகல் பற்றியே இருக்கும். வீட்டில் மூன்று வேளையும் மீன்குழம்பு கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. சுபின் ரப்பர் தோட்டத்துக்குள் போய் உறுமிப் பழகுவான். புலி இறங்கியிருக்கிறது என்று பால்வெட்டும் தொழிலாளர்கள் வனத்துறையில் மனு கொடுத்ததாகப் பேச்சு.

எங்களுக்கு ஒரு டெமோ பதிவு செய்ய வேண்டும். ஆல்பம் போட வக்கில்லாத குழுக்கள், "நாங்கள் இப்படித்தான் வாசிப்போம்" என்று இரண்டு மூன்று பாட்டைப் பதிந்து ஊர் ஊராக அனுப்பும் கேசட்டுக்கு டெமோ என்று பெயர். நாகர்கோவிலில் ஓரிடத்தில் போய்க் கேட்டோம். சுபின் ஒரு வரி உறுமிக் காட்டினான். அவர்கள் அவன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்கள்.

அவசரம் என்னவென்றால், சுபினுக்கு விசா வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்தில் விமானம். அவன் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். எங்களிடம்கூட ஒரே சந்தோஷமாகப் பேசினான். ஆனால் அவன் போனால் குழு அவ்வளவுதான், அப்படி உறுமுகிறவன் ஜில்லாவில் வேறு கிடையாது. மூன்று பாட்டையும் அதற்குள் பதிந்துவிட்டால் இப்படி நான்கு பேர் இருந்தோம் என்பதற்கு ஒரு கேசட்டாவது மிஞ்சும். திங்கட்கிழமை அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"குழுவுக்க பேரென்ன?"

"கல்லறைத் தோட்டம், அண்ணே."

"எந்த சபைக்க கல்லறைத் தோட்டம்?"

"சபை ஒண்ணும் இல்ல. பேரு மட்டுந்தான்."

"மதில் கட்டுகதுக்கு வல்லதும் நிதி திரட்டுகியளா?"

இல்லை என்றோம். அண்ணன் எங்கள் நான்கு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். சுபின் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. சுபினின் அப்பா துபாயில் இருந்த காலத்தில் அந்த வீட்டுக் கேசட்டெல்லாம் அண்ணன் பதிந்து கொடுத்ததுதானாம். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை மிக்ஸிகள் நின்றன. பசு மென்றது. சிவப்புத் துண்டு ஏறியது. அண்ணன் "சைலன்ஸ்!" என்றார். டேப் ஓடியது. 'புழு' என்ற எங்கள் முதல் பாட்டை ஆரம்பித்தோம். சுபின் வாயைத் திறந்ததும் அண்ணன் பாய்ந்து வந்து டேப்பை நிறுத்தினார்.

"மக்கா, ஒனக்க தொண்டையில என்னவோ பட்டுப்போச்சு!"

நாங்கள் வாய் திறப்பதற்குள் சுக்குக் காப்பி வந்தது. அரைமணி நேரம் ஓய்வு என்றார். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி உறுமினான். மறுபடி நிறுத்தினார்.

"விளையாட்டில்ல, கேட்டியா. நெய்யூருக்குக் கொண்டுபோயி டாக்டர்ட்ட காட்டுவோம். எனக்க டெம்போ நிக்கிது."

இதுதான் பாட்டு என்று அஜி பக்குவமாக எடுத்துச் சொன்னான். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வேணுமுன்னே இப்பிடிப் பாடுகியா?"

"ஆமாண்ணே."

"ஆராவது சொல்லித் தந்ததா?"

"நானாப் படிச்சேன்."

"ஒனக்க அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"செரி. நானும் சொல்லல்ல."

அதோடு விட்டாரா? பாட்டு எழுதிய காகிதத்தை வாங்கிப் படித்தார். பாட்டெழுதினது நான். புழு நெளிவதைப் பற்றி அவருக்கு ஆட்சேபம் இல்லை. ழகரம் விழவில்லை என்பதுதான் குறை. "சபையில வேதம் வாசிக்கவன் புழுன்னு சொன்னா, புழு நம்ம காலுல ஏறுகது தெரியும். நீ சொல்லுகதுல அது புளியா புலியான்னே தெரியல்ல. வார்த்த விளங்கணும், மக்கா. தூரத்துல இருந்து கேக்கவனுக்கு வார்த்த விளங்கணும்." உறுமலில் ழகரம் கொண்டுவர சுபின் பட்ட பாடு கொஞ்சமல்ல. உலகத்திலேயே ழகரம் சுத்தமாக உறுமப்பட்ட மெட்டல் பாட்டு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்த சோதனை இருமல். மூன்றாவது வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். பழைய ஆஸ்துமா. அந்தத் தெருவில் சிவப்புத் துண்டுக்குக் கட்டுப்படாத ஒரே சத்தம் அவருடைய இருமல்தான். ஜஸ்டின் கண்மண் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் டேப்பை நிறுத்துவார்.

"சாருக்க இருமல் விழுந்திருச்சு."

"அண்ணே, எங்க சத்தத்துல இடி விழுந்தாலே கேக்காது!"

"எனக்குக் கேட்டுதே."

போட்டுக் காட்டினார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், டிரம்ஸுக்கு அடியில், ஆமாம், 'கெக்' என்று ஒன்று இருந்தது. இப்படி நான்கு தடவை. வெளியே தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்கள் இரைச்சலுக்கு இடைஞ்சல் வராமல் காவல் காத்தது. சாயங்காலம் ஆனபோது ஒரு பாட்டு முடிந்திருந்தது.

சாமான்களை அங்கேயே வைத்துவிட்டுப் போனோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. புதன்கிழமை காலையில் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்படியொரு பூரிப்பு.

"அஜி, ஒனக்க கிதார் பெட்டியில ஒரே இரைச்சலா இருந்துதுல்லா? காலையில நாலு மணிக்கே எந்திரிச்சுப் பிரிச்சுப் போட்டேன். உள்ள ரெண்டு எடத்துல கோளாறு. எல்லாம் சூடு வச்சு சரியாக்கியாச்சு. இனி மணி மாதிரி கேக்கும்."

கிதாரை இரையவைப்பதற்காகவே செய்யப்பட்ட பெடல் அது. அஜியின் சித்தப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அஜி அதைக் காலால் அழுத்தி ஒரு கம்பியைத் தட்டினான். உண்மையிலேயே மணி மாதிரி கேட்டது. கிறிஸ்மஸ் கேரல்போல அவ்வளவு இனிமை. அஜி பெடலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். விஷயம் விளங்கியதும் அண்ணனும் அவன் பக்கத்தில் குந்தினார். "இரைச்சலுக்குன்னு ஆராவது பெட்டி செய்வானாலே?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். திரும்பக் கெடுத்துத் தருவதற்காக அன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தார். சரியாக்கத் தெரிந்த கைக்குக் கெடுக்க வரவில்லை. புதன்கிழமை போயே போயிற்று.

வியாழக்கிழமை ஜஸ்டின்தான் கொல்லையில் அதைக் கண்டுபிடித்தான். ஒரு பழைய ஸ்பீக்கர். திருவிழா ஒன்றில் மழையில் நனைந்து, காகிதம் கிழிந்து, கோழி அடைய விட்டிருந்தார்கள். கோழியைக் கிளப்பிவிட்டு கிதாரை அதில் மாட்டினோம். ஆண்டவரே! அந்தப் பெடல் நூறு வருஷம் தவம் கிடந்தாலும் வராத இரைச்சல் அதிலிருந்து வந்தது. எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அண்ணனுக்கும் வந்தது, அது வேறு காரணத்துக்கு.

"எனக்க ஸ்பீக்கர் கிழிஞ்சு கெடக்குதுன்னு ஊரு முழுக்கத் தெரியப்போவுது. கேசட்டுல எனக்க பேரப் போட்டுராத மக்கா. நாலு எடத்துல குழாய் கெட்டுகவனாக்கும் நான்."

பிற்காலத்தில் அந்தக் கேசட் ஒரு வெளிநாட்டுக்காரர் கைக்குப் போக, அவர் இவ்வளவு அசிங்கமான கிதார் சத்தத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டு எழுதியிருந்தார். கோழியை அவர் பாஷையில் எப்படி விளக்குவது என்று தெரியாமல் பதில் போடவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது பாட்டு முடிந்தது. ஆச்சரியம், இருமல் ஒன்றுகூட விழவில்லை. "சாரு இன்னைக்கு நமக்கு வேண்டி அடக்கி வச்சிருக்காரு" என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். மிச்சம் ஒரே பாட்டு. வெள்ளிக்கிழமை ஒரு நாள் முழுதாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் போனால், தெருவில் பந்தல். தலைமையாசிரியர் விடியற்காலையில் காலமாகிவிட்டார். மாலை நாலரைக்கு அடக்கம். துக்க வீட்டுக்குக் குழாய் கட்டி முடித்துவிட்டு அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாளாவது மனுசன் இருமாம இருந்தா என்னன்னு நெனச்சேன், மக்கா. இப்பிடி நெனைக்கல்ல."

எங்கள் பக்கத்தில் துக்க வீடு உள்ள தெருவில் அடக்கம் முடியும்வரை ஆட்டுரலைக்கூட ஆட்ட மாட்டார்கள். அங்கே போய் 'சவப்பெட்டி ஆணி' என்ற எங்கள் மூன்றாவது பாட்டை வாசிக்க முடியுமா? இரண்டு பாட்டோடு முடித்துக்கொள்ளலாம் என்றான் அஜி. நானும் சரி என்றேன். சுபின் மட்டும் டிரம்ஸ் பெட்டிமேலிருந்து எழவில்லை. அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் அவன். மூன்று வருஷமாக அவன் மனசில் கிடந்த பாட்டு. அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேய், நீ நாளைக்குப் போனா எப்ப வருவ?"

"ரெண்டு வருசம், அண்ணே."

"ரெண்டு வருசம்னு கேசட்டுல பேசினவன் ஆரும் ரெண்டு வருசத்துல வந்து நான் பாக்கல்ல." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "சாமானத் தூக்குங்கலே. ஆரல்வாய்மொழிக்குப் போவோம். நாலு மணிக்கு நான் இங்க இருக்கணும்."

"அண்ணே, ஆடி மாசம்! அங்க காத்து ஆளத் தூக்குமே!"

"நம்ம ஜில்லாவுல ஒரு வீட்டுக்கும் கேக்காத எடம் வேற எங்க இருக்கு? காத்துட்ட நான் பேசிக்கிடுகேன்."

டெம்போவில் ஜெனரேட்டர், டேப் மெஷின், டிரம்ஸ், கிழிந்த ஸ்பீக்கர், நாங்கள். மைக்கெல்லாம் துக்க வீட்டில் இருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இறங்கியதும் காற்று எங்களைப் பார்த்துச் சிரித்தது. தலைக்குமேல் காற்றாலைகள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் ஜெனரேட்டரை வயர் எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிக் கொண்டுபோய் ஒரு பள்ளத்தில் இறக்கினார். பழக்கதோஷம், ஒரு முள்மரத்தில் சிவப்புத் துண்டைக் கட்டினார். அது இரண்டு நிமிஷத்தில் அவிழ்ந்து திருநெல்வேலி ஜில்லாவுக்குள் போய்விட்டது. பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மலையைப் பார்த்து, நரம்பு புடைக்க, "சைலன்ஸ்!" என்றார்.

மலை கேட்கவில்லை. முதல் தடவை பதிந்ததில் காற்று மட்டும்தான் இருந்தது. டெம்போவைக் குறுக்கே நிறுத்தினோம். இரண்டாவது தடவையும் காற்றுதான். மணி ஒன்றரை. அண்ணன் எங்களைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். சட்டென்று வேட்டியை உருவினார்.

பட்டாபட்டி நிக்கரோடு, காற்றுக்கு முதுகைக் காட்டி, வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மைக்கைச் சுற்றித் தடுப்புப்போல நின்றார். "ம், பாடு" என்றார். ஆறு நிமிஷப் பாட்டு. சுபினின் வாய்க்கும் அண்ணனின் மூக்குக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். முதல் வரியில் அண்ணன் கண்ணை மூடியவர்தான். வேட்டி படபடத்தது, தொடையில் மணல் வந்து வந்து அடித்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டையெல்லாம் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். அண்ணன் அசையவில்லை.

முடிந்ததும் டெம்போவுக்குள் போய் ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டார். வேட்டி கட்டிக்கொள்ளவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அடியில காத்து விழுந்திருக்கு" என்றார். எங்களுக்கு உயிர் போயிற்று. ஒரு இருமலை மன்னிக்காத மனிதர். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"இருக்கட்டும்."

நாலு மணிக்கு அவர் துக்க வீட்டில் இருந்தார், வேட்டியை உள்புறம் வெளியே தெரியக் கட்டியபடி.

சனிக்கிழமை காலை சுபின் வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள், பெட்டிகள், போதகரின் வழியனுப்பு ஜெபம். சுபின் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் கேசட்டோடு வந்து ஓரமாக நின்றார். சுபினின் அம்மா பார்த்துவிட்டார்.

"அண்ணே, பிள்ளைக்க பாட்டப் பதிஞ்சியளாமே. நல்லாப் பாடுனானா?"

சத்தத்தைப் பற்றி அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. "மனசு விட்டுப் பாடினான், தங்கச்சி" என்றார்.

"அப்ப எனக்கும் அத ஒருக்கா கேக்கணும்."

சுபின் கண்ணால் கெஞ்சினான். ஆனால் அம்மா கேசட்டை வாங்கி வேன் டிரைவரிடம் நீட்டிவிட்டார். ஆரல்வாய்மொழிப் பாட்டு முற்றம் முழுக்க எழுந்தது. போதகர் கொய்யாமரத்துப் பக்கம் நகர்ந்தார். சித்தி ஒருத்தி வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அம்மா மட்டும் வேன் கதவில் கைவைத்து, தலையைச் சாய்த்து, ஆறு நிமிஷமும் கேட்டார். துபாயிலிருந்து கேசட் வந்த காலத்தில் அவர் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

பாட்டு நின்றது.

"வார்த்த ஒண்ணும் எனக்கு வெளங்கல்ல" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "ஒனக்குப் போக இஷ்டமில்ல. அதுதானே, மக்கா?" என்று கேட்டார்.

மூன்று வருஷம் கூட வாசித்த எங்களுக்கு அது தெரியாது. லட்டு தின்றவர்கள் நாங்கள். சாவையும் அழுகலையும் பற்றி அத்தனை பாடின சுபின், சின்னப் பிள்ளைபோல விசும்பி அழுதான். அம்மா அவன் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"போவண்டாம்னு சொல்லுகதுக்கு எனக்கு வழியில்ல, மக்கா. ஆனா எனக்க பிள்ள சந்தோசமாப் போனான்னு இனி நெனச்சிட்டு இருக்கமாட்டேன்."

சுபின் வேனில் ஏறுமுன் அண்ணனிடம் வந்தான். அண்ணன் அவன் கழுத்தை இரண்டு விரலால் மெல்லத் தொட்டார். "தொண்டையப் பாத்துக்கோ. அங்க ஏசி போடுவானுவ" என்றார். வேன் முற்றத்தைவிட்டு இறங்கி, ரோட்டில் திரும்பி மறைந்தது.

நாங்கள் மூன்று பேரும் ரோட்டோரம் நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. தெருவையே அடக்கி ஆண்ட மனிதரால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"லேய், வல்லதும் பேசுங்கலே. இப்பிடி நிக்காதிங்க."

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அதனால் அவரே பேசினார். திங்கள்சந்தைவரை டெம்போவை ஓட்டிக்கொண்டே, மைக், வயர், அவருடைய முதல் குழாய், கோழிக்குஞ்சின் விலை என்று சம்பந்தா சம்பந்தமில்லாமல், மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வந்தார். எங்கள் பாட்டு அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.